ஓரத்தில் வைத்த தீ

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். திட்ட ஆரம்பித்தால் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். அது என் சுபாவம்.

என்னோடு ஒரே ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்த ஒருத்தி, போன வருடம் ஒரு நாள் காலையில் ஆம்பூரில் என் வீட்டு வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி என்னைக் கிழித்தாள். அந்தப் பேச்சுக்குத்தான் நன்றி. அவள் வராமல் போயிருந்தால் நான் இன்னமும் போன் எதிரில் உட்கார்ந்து எதையாவது கொளுத்திக்கொண்டிருப்பேன்.

கம்பெனியில் நான் ஃபைனல் செக்கிங். லைனில் தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வருகிற ஷூவைக் கடைசியாகக் கையில் எடுத்துப் பார்க்கிற ஆள். தையல் விட்டிருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ, ஓரத்தில் பசை தெரிந்தாலோ, அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டிய ஷூ ரிப்பேர் டேபிளுக்குப் போகும். அந்த டேபிளில் உட்கார்ந்திருந்தவள்தான் நான் சொல்கிற அவள். நான் ஒட்டுவேன். அவள் சரி செய்வாள், ஸ்டிக்கரை உரிப்பாள், திருப்பி அனுப்புவாள். சில நாள் அவள் சரி செய்ததிலேயே தப்பு இருக்கும். அப்போது அவளைக் கூப்பிட்டு அம்பைக் காட்டுவேன். அவ்வளவுதான். யார் தப்பு என்று லைனுக்கே கேட்கும்படி கத்துவது எங்கள் வழக்கமில்லை. தப்பை முதலில் பார்க்க வேண்டியவள் அதைச் செய்தவள். அது மரியாதை என்று அப்போது எனக்குத் தெரியாது. கம்பெனி ரூல் என்று நினைத்திருந்தேன்.

ஆர்டர் கம்மியாகி எங்கள் யூனிட்டை மூடிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் மிச்சத் தோல் வாங்கி வீட்டிலேயே பெல்ட், பர்ஸ் தைத்து விற்க ஆரம்பித்தேன். அவளும் மாதனூர் பக்கம் தன் வீட்டில் மூன்று தையல் மெஷின் போட்டிருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். ஆம்பூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். நான் போய்ப் பார்க்கவில்லை. போன் கைக்கு வந்த பிறகு யாரைத்தான் போய்ப் பார்த்தேன்?

வீடியோ போடலாம் என்று சொன்னது என் வீட்டுக்காரர். அவர் வேறொரு கம்பெனியின் பஸ் ஓட்டுகிறார். காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் ஏற்றுகிற வரைக்கும் சும்மா இருப்பார். வெள்ளைத் துணி விரித்து, அதில் பர்ஸை வைத்து, பக்கத்தில் ஒரு ரோஜாவையும் வைத்து, மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார். பின்னால் புல்லாங்குழல். பார்த்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். அவர்களும் முழுதாகப் பார்க்கவில்லை.

அது எப்படித் தெரியும் என்றால், போனே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு உண்டு. எத்தனையாவது நொடியில் எவ்வளவு பேர் விட்டுவிட்டுப் போனார்கள் என்று அந்தக் கோடு சொல்லும். கம்பெனியில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜோடி முடிந்தது என்று போர்டில் எழுதுவார்கள். சூப்பர்வைசர் போர்டைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வை இருக்கிறதே, அதேதான் இந்தக் கோடும். ரோஜா வீடியோவில் கோடு மாடியிலிருந்து குதித்த மாதிரி விழுந்து கிடந்தது.

"ரெண்டு செகண்ட்ல போய்ட்டானுங்கம்மா," என்றார் வீட்டுக்காரர்.

"நானே போய்ட்டிருப்பேன். இன்னாயா மியூசிக் அது, எழவு வீடு மாதிரி?"

விளம்பரமாக ஓட்டினால் நிறைய பேருக்குப் போகும் என்று போன் தினமும் ஞாபகப்படுத்தியது. ஓட்டிப் பார்த்தோம். நிறைய பேருக்குப் போனது. நிறைய பேர் இரண்டாவது நொடியில் போனார்கள்.

ஒரு நாள் ஒருத்தன் கீழே எழுதியிருந்தான். "இது ரெக்ஸின்தானே அக்கா, ஏன் ஏமாத்துற?"

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. "யோவ், போனை ஆன் பண்ணு," என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். ரோஜாவைத் தூக்கி எறிந்தேன். கத்தரிக்கோல் எடுத்து என் பர்ஸை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தைப் போனுக்கு எதிரில் நீட்டினேன். "பாருடா, நார் நாரா இருக்குதா? இது தோலு. ரெக்ஸின்ல கீழ துணி இருக்கும், மேல பூச்சு இருக்கும்." பிறகு பூச்சையும் லைனிங்கையும் பிரித்தெடுத்து, தோலை மட்டும் ஒரு துண்டு எடுத்துத் தீயில் காட்டினேன். முடி கருகுகிற வாசனைதான் வரும், உருகிச் சொட்டாது. ஒரு பழைய ரெக்ஸின் பையையும் கொளுத்தினேன். அது கறுப்புப் புகை விட்டுச் சொட்டியது. நடுநடுவே அவனைத் திட்டினேன்.

அந்த வீடியோ ஓடியது. ஓசூரிலிருந்து, மதுரையிலிருந்து, எங்கேயோ இருக்கிறவர்களெல்லாம் பர்ஸ் கேட்டார்கள். என் பெண் நர்சிங் சேர்ந்தது அந்த வருடம்தான். அதை மறைத்துப் பேசமாட்டேன். மூடிய கம்பெனி எனக்குச் சோறு போடவில்லை, இந்தப் போன் போட்டது. நன்றி கெட்டவள் என்று என்னை யாரும் சொல்லக் கூடாது.

ஆனால் கோடு ஒரு நாளும் போதும் என்று சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் ராத்திரி பகல் பாராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தும் விட்டார்.

"நீ கத்தரிக்கோல் எடுத்தா ஆளு போறான். தீ வெச்சா நிக்கிறான்."

அதனால் தீயை முன்னால் கொண்டுவந்தோம். பிறகு கத்தரிக்கோலைச் சுருக்கினோம். பூச்சையும் லைனிங்கையும் பிரிக்க நேரமாகிறது என்று அதையும் விட்டோம். கடைசியில் வீடியோ ஆரம்பிக்கும்போதே தீ எரிந்துகொண்டிருக்கும், நான் கத்திக்கொண்டிருப்பேன். ஏன் கத்துகிறேன் என்று தெரிந்துகொள்ளவே ஆட்கள் நின்றார்கள். கோபம் வராத நாளில் என் நாத்தனாரை மனதில் நினைத்துக்கொள்வேன். உடனே வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வீடியோ முடிந்ததும் அடுத்ததாக வருகிற விளம்பரம் என்ன தெரியுமா? நான் எதைக் கொளுத்தினேனோ அதே மாதிரி ரெக்ஸின் பர்ஸ், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். நான் கூட்டம் சேர்த்துக்கொடுத்தேன், எவனோ அங்கே கடை போட்டான்.

பார்க்கிறவர்கள் தங்கள் பர்ஸை எனக்குத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார்கள். "அக்கா, இதைக் கொளுத்துங்க." அப்படி வந்ததுதான் அந்தப் பழுப்பு நிற பர்ஸ். அதில் கம்பெனி பெயர் இல்லை. உள்ளே மடிப்பில் ஒரு சின்ன இலை முத்திரை மட்டும் இருந்தது. கையில் எடுத்ததும் விரல் ஏதோ சொன்னது. இத்தனை வருடம் தோலைத் தொட்ட விரல், அதற்குத் தெரியாதா? நான் கேட்கவில்லை. வீட்டுக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார், அடுப்பில் குழம்பு வேறு கொதித்தது. பர்ஸின் ஓரத்தில் தீயை வைத்தேன். ஓரம் உருகிச் சொட்டியது.

"பாத்துக்கோ! பிளாஸ்டிக்! இலை போட்டா தோலாய்டுமா? இந்த இலையை எங்க பாத்தாலும் வாங்காத!" என்று கத்தினேன்.

அதற்கு முன்னால் என் வீடியோ எதுவும் அவ்வளவு ஓடியதில்லை. இரண்டு நாள் என் கால் தரையில் படவில்லை. மூன்றாம் நாள் காலையில்தான் அவள் வந்தாள்.

வாசலில் ஒரு பெரிய கட்டைப் பையோடு நின்றாள். எத்தனையோ வருடம் கழித்துப் பார்க்கிறேன், எனக்குச் சந்தோஷம்.

"வாம்மா, வாம்மா! இளைச்சுட்டியே."

"வர்றது இருக்கட்டும். இன்னாக்கா, தீப்பெட்டி இருக்குதா? இல்ல, நான் வாங்கினு வரட்டா?"

பையைத் தலைகீழாகக் கொட்டினாள். வாசற்படி முழுக்கப் பர்ஸ். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். உள்ளே இலை.

மடித்து மறுபடி படியில் வைத்தேன்.

"சொல்லுக்கா. லட்சம் பேருக்குச் சொன்ன, எனுக்குச் சொல்ல இன்னா கூச்சம்? பிளாஸ்டிக்குனு சொல்லு. வேலூர் லாங் பஜார் கடைக்காரர் சொல்லிட்டாரு. என் சரக்க ஒழுங்கா எடுக்கறது அந்த ஒரு கடைதான். நேத்து மொத்தத்தையும் பையில போட்டு ஆட்டோல திருப்பி அனுப்பிட்டாரு. 'கஸ்டமரு உன் இலையைப் போன்ல காட்டிக் கேக்கறான், எனுக்கு இந்தப் பேஜார் வேணாம்மா'ன்றாரு. இந்த மாசத்துக்குள்ள அவரு திரும்ப எடுக்கலைன்னா லோன்ல வாங்கின மூணு மெஷினும் போச்சு. என்ன நம்பி வர்ற மூணு பொம்பளைங்களும் போச்சு."

"உன்னுதுனு எனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன். தப்பு செய்தவள் முதலில் இப்படித்தான் கேட்பாள்.

"என்னுதா இல்லைன்னா கொளுத்தலாமா? யாரோ ஒருத்தி உக்காந்து தெச்சதுதானே அது?"

எதிர் வீட்டு அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி சத்தம் நின்றது. தெருவே கேட்கிறது என்று வந்தவளுக்கும் தெரிந்தது. குரலை இன்னும் ஏற்றினாள்.

"நீ எங்க தீ வெச்ச? ஓரத்துல வெச்ச. ஓரத்துல இன்னா இருக்கும், எட்ஜ் கலர் இருக்கும். உள்ள நைலான் லைனிங் இருக்கும். உருகாம பாட்டா பாடும்? உனுக்குத் தெரியாதா இது? லைன்ல புதுசா வர்ற பொண்ணுக்கே நீதானே சொல்லிக் குடுப்ப, வெட்டிப் பாக்காம பேசாதேன்னு!"

எனக்குத் தெரியும். ஒவ்வொரு பர்ஸின் ஓரத்திலும் பெயிண்ட் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், தீயில் காட்டினால் அது உருகத்தான் செய்யும். என் பர்ஸும் உருகும். அதனால்தான் முதல் வீடியோவில் எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டுத் தோலை மட்டும் கொளுத்தினேன். பிறகு கத்தரிக்கோலுக்கு ஆள் நிற்கவில்லை என்று அதை விட்டேன். விட்டதையும் மறந்தேன்.

"பதினோரு வருஷம் நீ ஒட்டின அம்ப உரிச்சவ நான்," என்றாள். இப்போது குரல் இறங்கிவிட்டது. "ஒரு நாளாவது என் தப்ப லைனுக்குச் சொல்லியிருக்கியா? என்னக் கூப்பிட்டுக் காட்டுவ. இப்ப ஊருக்கெல்லாம் காட்டிட்டு எனுக்குக் கடைசியா காட்டற."

பிறகு உள்ளே வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. என் மேசைமேல் அனுப்புவதற்குக் கட்டி வைத்திருந்த பர்ஸ்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது இன்னா?"

மடிப்பில் மூன்று தையல் விட்டிருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதில் பசை. என் சரக்கு, என் கண் எதிரில். ஒரு பர்ஸ் பார்ப்பதற்குள் இரண்டு தரம் போனைப் பார்க்கிறவளின் செக்கிங் அப்படித்தான் இருக்கும். நான் கத்தரிக்கோலை எடுத்து இலை போட்ட பர்ஸ் ஒன்றை வெட்டினேன். உள்ளே, சாயம் ஏறாத நடுப்பகுதி சாம்பலும் நீலமுமாக, நார் நாராக, சுத்தமான ஆட்டுத் தோல்.

"மன்னிச்சுக்கோ," என்றேன்.

"அத லாங் பஜார்ல சொல்லு," என்று பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே அந்த வீடியோவை அழித்தேன். என் பக்கத்திலிருந்துதான் அழிந்தது. அதற்குள் யார் யாரோ அதை எடுத்து, மியூசிக் போட்டு, தங்கள் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரருக்குப் போன் போட்டேன். "வீடியோல ஒண்ணு சொல்றீங்க, போன்ல ஒண்ணு சொல்றீங்க, நான் எத நம்பறது?" என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு மன்னிப்பு வீடியோ போட்டேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நடந்ததை நிதானமாகச் சொன்னேன். எட்ஜ் கலர் என்றால் என்ன, லைனிங் என்றால் என்ன, எப்படி வெட்டிப் பார்க்க வேண்டும், எல்லாம் சொன்னேன். ஒரு பொய் இல்லை அதில். கோடு மூன்றாவது நொடியில் குதித்தது. கீழே ஒருத்தன், "அக்கா தூக்கம் வருது." இன்னொருத்தன், "தீ எங்கே?"

மறுநாள் அவளே போன் செய்தாள்.

"பாத்தேன். நானே பாதியில போய்ட்டேன்," என்றாள். "எப்பிடிக் கெடுத்தியோ அப்பிடித்தான் சரி பண்ணணும். உன் பர்ஸ ஓரத்துல கொளுத்து."

என் சரக்கை நானே கொளுத்தி, உருகுவதைக் காட்டினால் நாளைக்கு எவன் வாங்குவான்? அதைச் சொன்னேன்.

"பயமா இருக்குதா? எனுக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு," என்று வைத்தாள்.

அன்று முற்பகலில் என் வீட்டுக்காரரின் பேன்ட் பையிலிருந்து அவர் பர்ஸைப் பிடுங்கினேன். நான் முதன்முதலில் தைத்த பர்ஸ் அது. எத்தனையோ வீடியோவில் அதைக் காட்டியிருக்கிறேன், பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

"இரும்மா, லைசென்ஸ எடுத்துக்கறேன்!"

"சீக்கிரம் எடு. கோபம் போய்டப் போவுது."

இந்தத் தடவை நாத்தனாரை நினைக்க வேண்டியிருக்கவில்லை. என்னை நினைத்தாலே போதுமாக இருந்தது. முதல் நொடியிலேயே தீ. "இது என் பர்ஸ். நான் தெச்சது. பாரு, உருகுது! அப்போ நானும் டூப்ளிகேட்டா?" என்று கத்தினேன். பிறகு தீயை அணைத்தேன். கத்தரிக்கோலை எடுத்தேன். என் பர்ஸை வெட்டினேன், அவளுடைய இலை பர்ஸை வெட்டினேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உள்ளே ஒரே மாதிரி நார். "உருகினது ஓரத்துப் பூச்சு. தப்பு என் மேல. அந்த இலை நல்ல தோலு. வெட்டிப் பாக்காம சொன்னவ நான்," என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

கோடு கத்தரிக்கோலில் கொஞ்சம் இறங்கியது. ஆனால் குதிக்கவில்லை. ஆட்கள் நின்றார்கள். நின்ற ஒவ்வொருத்தருக்கும் இங்கே நன்றி சொல்கிறேன். எவனாவது உங்கள் கண்ணை இழுத்துப் பிடித்து வைக்கிற உலகத்தில், நீங்களாக நின்று ஒரு துண்டுத் தோலை உற்றுப் பார்த்தீர்கள்.

நிற்காதவர்களும் இருந்தார்கள். முதல் மூன்று நொடியைப் பார்த்துவிட்டு, "அக்கா பர்ஸே பிளாஸ்டிக்காம்" என்று ஊரெல்லாம் சொன்னார்கள். எனக்கு வந்த ஆர்டரில் பாதிக்கு மேல் நின்றுபோனது. அவர்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. மூன்று நொடியில் முடிவு கட்ட அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

லாங் பஜார் கடைக்காரருக்கு அந்த வீடியோவை நான் அனுப்பவில்லை. அதுவாகவே அவர் போனுக்குப் போயிருக்கிறது. நான் கொளுத்தியதை முன்னால் முழுதாகப் பார்த்தவர் ஆயிற்றே, இவருக்கு இது பிடிக்கும் என்று போனே எடுத்துப் போட்டிருக்கிறது. கெடுத்த மெஷினே போய்ச் சொல்லிவிட்டு வந்தது. அதற்கு நல்லது கெட்டது தெரியாது. இருந்தாலும் அதற்கும் ஒரு நன்றி, வேண்டாவெறுப்பாக.

அவர் அவளைக் கூப்பிட்டு, "அந்தத் தீ வெக்கிற அம்மாவையும் இட்டுனு வா," என்றிருக்கிறார். இரண்டு பேரும் வேலூர் போனோம். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். லாங் பஜாரில் கைவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் வேர்த்துக் கொட்டியது. ஒரு பிடியை நான் பிடித்தேன், அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடைக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நீங்கதானா அது? வீடியோல இன்னும் குண்டா தெரிவீங்களே."

"நேர்ல கத்தறது ஜாஸ்தியா இருக்கும், கேக்கறீங்களா?" என்றேன்.

அவள் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவர் பையில் கையை விட்டு, தானாக ஒரு பர்ஸைப் பொறுக்கி, கத்தரிக்கோலையும் என் கையில் கொடுத்தார். வெட்டினேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெட்டிய இடத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் நாரைப் பிரித்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது, எந்தக் கோடும் அங்கே இல்லை.

"எடுத்துக்கறேன். ஆனா இனிமே நீங்க செக் பண்ணி அனுப்பணும். கஸ்டமரு கேட்டா, கொளுத்தினவங்களே பாத்து அனுப்பினதுனு நான் சொல்லணும்," என்றார்.

அதனால் இப்போது சனிக்கிழமை தோறும் நான் மாதனூர் போகிறேன். மூன்று மெஷினும் ஓடுகின்றன. ஒரு சுருள் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் வாங்கி வைத்திருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் அவள் கையை நீட்டுவாள், போனைக் கொடுத்துவிட வேண்டும். மெஷின் டிராயரில் போட்டு மூடிவிடுவாள். முதல் வாரம் பத்து பர்ஸ் பார்ப்பதற்குள் என் கை தானாக, போன் செருகுகிற இடுப்பைத் தடவியது. "இன்னாக்கா, அரிப்பா?" என்று கேட்டாள். தையல்காரப் பெண்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். இப்போது அந்த அளவுக்கு இல்லை.

வீடியோ இன்னும் போடுகிறேன். அதில்தான் என் வீட்டு அடுப்பும் எரிகிறது. தீ மட்டும் வைப்பதில்லை. ஆள் கம்மிதான். "எப்போ கொளுத்துவீங்க?" என்று கேட்டால், "சமைக்கும்போது" என்று பதில் போடுகிறேன். என் வீட்டுக்காரர் கோட்டைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறார். ஒரு புதுப் பர்ஸ் தைத்துக் கொடுத்திருக்கிறேன், அதைப் பத்திரமாக உள்பையில் வைத்துக்கொள்கிறார்.

போன சனிக்கிழமை ஒரு பர்ஸில் அம்பு ஒட்டி அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்மடிப்பில், லைனிங்குக்கு அடியில், ஒரே ஒரு தையல் விட்டிருந்தது. அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முதலில் அவளுக்கே தெரியவில்லை. திருப்பிப் பார்த்தாள். பிறகு ஸ்டிக்கரை உரித்தாள்.

"பழைய கண்ணு வந்துடுச்சு போல," என்றாள். திட்டுகிற மாதிரிதான் சொன்னாள்.

நான் அடுத்த பர்ஸை எடுத்தேன்.